முதல் பிஸ்டல் எது? பாயிண்ட் 22 வாங்க ஆசைப்படுபவர்கள் கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது பதக்கமும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆகஸ்ட் 3 அன்று நடந்த 25 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்றில், ஹங்கேரி வீராங்கனையுடன் ஷூட்-ஆஃப் வரை போய் நான்காவது இடத்தில் நின்றார் மனு.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்த இரண்டு வெண்கலத்தையும் வாங்கிக் கொடுத்தது ஏர் பிஸ்டல். அதாவது, காற்றழுத்தத்தில் சிறு ஈயக் குண்டைத் தள்ளும் கருவி. மூன்றாவது போட்டியில் அவர் கையில் இருந்தது நிஜத் தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 ரிம்ஃபயர் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். டிவியில் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் சட்டத்தின் பார்வையில் ஒன்று விளையாட்டுப் பொருள், மற்றொன்று ஆயுதம்.

ஒலிம்பிக் பதக்கத்துக்குப் பிறகு துப்பாக்கிச் சுடுதல் மீது ஆர்வம் கூடியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே நடிகர் அஜித்குமார் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் பிஸ்டல் பிரிவுகளில் பதக்கங்கள் வென்றபோது, "இதை நாமும் செய்யலாம் போலிருக்கே" என்று பலர் யோசித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த யோசனை பெரும்பாலும் "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ரிம்ஃபயர் என்றால் என்ன?

எந்தத் தோட்டாவிலும் வெடிமருந்தைப் பற்ற வைக்க ஒரு தீப்பொறி தேவை. போலீஸ், ராணுவத் தோட்டாக்களில் அந்தப் பொறி தரும் சிறு மூடி அடிப்பாகத்தின் நடுவில் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். ரிம்ஃபயர் தோட்டாவில் அப்படி மூடி எதுவும் கிடையாது. அடிவிளிம்புக்குள்ளேயே அந்த ரசாயனம் தடவப்பட்டிருக்கும். சுத்தியல் ஊசி விளிம்பில் தட்டியதும் பற்றிக்கொள்ளும்.

இந்த வகையில் உலகம் முழுக்கப் புழங்குவது பாயிண்ட் 22 லாங் ரைபிள். 1887-ல் அமெரிக்காவில் வந்த தோட்டா இது. பெயரில் ரைபிள் இருந்தாலும் பிஸ்டலிலும் இதேதான். குண்டின் எடை சுமார் 2.6 கிராம். உதைப்பு குறைவு, சத்தம் குறைவு, விலையும் மற்ற தோட்டாக்களைவிடக் குறைவு. பழகுபவர்களுக்கு இது ஏற்றதாக இருப்பதற்கு இவைதான் காரணம். ஒருமுறை சுட்ட ரிம்ஃபயர் தோட்டாவில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் படபடவென்று சுடுவதா?

இல்லை. ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினால் ஒரே ஒரு குண்டுதான் போகும். சுட்ட வேகத்தில் காலித் தோட்டா பின்னால் தள்ளப்பட்டு வெளியே விழும். மேகசினிலிருந்து அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறும். அவ்வளவுதான். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது முழு ஆட்டோமேட்டிக். அது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம், அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பாயிண்ட் 22 பிஸ்டல்களில் இந்த இயக்கம் ரொம்ப எளிமையானது. போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றன. எளிமைதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. தோட்டாவின் வேகம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ இயக்கம் தடுமாறும். ஏன் என்பதைத் தோட்டா பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

முதலில் சட்டம்: லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

ஏர் பிஸ்டலில் பாயிண்ட் 177 அளவுக்கு மிகாமல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல்களின் ஆற்றல் 10 ஜூலைக்கூடத் தொடாது. வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்தால் போதும்.

பாயிண்ட் 22 கதை வேறு. பிஸ்டலிலிருந்து புறப்படும் அதன் குண்டுக்கு ஏறக்குறைய 100 ஜூல் ஆற்றல் இருக்கும். 1959 ஆயுதச் சட்டப்படி அது முழுமையான துப்பாக்கி. லைசென்ஸ் கட்டாயம். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றும் கேட்பார்கள். 2019-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

21 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் என்ன செய்வது? மேற்பார்வையோடு பயிற்சி பெற அவர்களுக்குச் சட்டம் தனியாக வழி வைத்திருக்கிறது. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ரேஞ்சுக்குள் சுடலாம். சொந்தமாக வைத்துக்கொள்வதற்கான அனுமதி என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த தடை இறக்குமதி. போட்டித் தரத்தில் இருக்கும் பாயிண்ட் 22 பிஸ்டல்கள் அனைத்துமே கிட்டத்தட்ட ஐரோப்பிய, அமெரிக்கத் தயாரிப்புகள். இந்தியாவில் துப்பாக்கி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. தேசிய அளவில் தகுதி பெற்ற வீரர்களுக்கும் ரைபிள் கிளப்புகளுக்கும்தான் அந்தக் கதவு திறக்கும். 1951-ல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டிகளில் தேவையான புள்ளிகளை எடுத்து மேலே வந்தவர்களுக்கான வழி அது. யூடியூபில் பார்த்த மாடலை நாளைக்கே ஆர்டர் போட முடியாது.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

சட்டத்தை விட்டுவிட்டு விளையாட்டுக்கு வருவோம். எந்த பிஸ்டல் நல்லது என்று புரிய ஒரு சின்னக் கணக்கு உதவும்.

25 மீட்டர் போட்டி பிஸ்டலில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே அதிகபட்சம் 220 மில்லிமீட்டர்தான் இருக்கலாம் என்பது சர்வதேச விதி. பின் குறியின் பள்ளத்தில் முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் என்ன ஆகும்? 25 மீட்டரை 220 மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள். இலக்கில் குண்டு சுமார் 114 மில்லிமீட்டர் விலகி விழும். நிதானச் சுற்றில் பயன்படும் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர், அடுத்தடுத்த வட்டங்கள் 25 மில்லிமீட்டர் இடைவெளியில். ஆக, அந்த ஒரு மில்லிமீட்டர் தவறு உங்களை 6 புள்ளிக்குத் தள்ளிவிடும்.

இப்போது இன்னொரு நிலை. குறிகள் இரண்டும் நேராக இருக்கின்றன, ஆனால் கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். புள்ளி 10-தான்.

கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பெரிய தவறு கை ஆடுவதில் வருவதில்லை. ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும்போது மணிக்கட்டு திரும்புகிறதே, அதில்தான் வருகிறது. எனவே பிஸ்டல் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. கைப்பிடி, ட்ரிகர். பிராண்ட் எல்லாம் அப்புறம்.

கைப்பிடி: செருப்பு மாதிரி அளவு பார்க்கணும்

போட்டி பிஸ்டல்களின் மரப்பிடி உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டிருக்கும். சிறியது, நடுத்தரம், பெரியது என அளவுகள் உண்டு. இடது கை, வலது கை தனித்தனி. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைப் பிடித்து, கையை இலக்கு நோக்கி நீட்டி, கண்ணைத் திறந்து பாருங்கள். குறிகள் தானாகவே நேராக நிற்க வேண்டும். மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்தப் பிடி உங்களுக்கானது அல்ல. வளரும் வயதுப் பிள்ளைகளின் கை அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ட்ரிகர்: எடை மட்டும் போதாது

25 மீட்டர் பாயிண்ட் 22 போட்டிகளில் ட்ரிகரின் எடை குறைந்தது 1000 கிராம் இருக்க வேண்டும். ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். போட்டிக்கு முன் இதை எடை தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். ஆனால் எடையைவிட முக்கியம், விரல் அழுத்தும்போது எங்கே நிற்கிறது, எங்கே விடுபடுகிறது என்பது தெளிவாகத் தெரிவது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபட வேண்டும். ட்ரிகரின் தூரத்தை விரல் நீளத்துக்கு ஏற்ப மாற்றும் வசதியும் இருக்க வேண்டும்.

மேகசின் எங்கே இருக்கிறது?

பாயிண்ட் 22 பிஸ்டல்களைப் பொதுவாக இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதல் குடும்பத்தில் மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருக்கும். 1960-களின் இறுதியில் வந்த ஜெர்மனியின் வால்தர் ஜி.எஸ்.பி., இத்தாலியின் பார்டினி எஸ்.பி. இந்த வகை. எடை முன்பக்கம் இருப்பதால் சுட்ட பிறகு குழல் அதிகம் எகிறாது. கைப்பிடிக்குள் மேகசின் இல்லாததால் பிடியை எந்தக் கோணத்திலும் செதுக்கலாம். சர்வதேசப் போட்டிகளில் அதிகம் காண்பது இவற்றைத்தான்.

இரண்டாவது குடும்பத்தில் மேகசின் கைப்பிடிக்குள். 1949-ல் தொடங்கிய அமெரிக்காவின் ரூகர் வரிசை, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் விக்டரி எல்லாம் இதில் வரும். விலை குறைவு, உறுதி அதிகம். ரூகரின் பழைய மாடல்களைச் சுத்தம் செய்யப் பிரித்தால் மறுபடி மாட்டுவது பெரிய தலைவலி. 2016-ல் வந்த மார்க் 4-ல் ஒரே பட்டனில் பிரிக்கும்படி மாற்றினார்கள். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களுக்கு இவை போதும். ஆனால் நம் ஊரில் போட்டியில் இறங்க நினைத்தால் கவனம் தேவை. குழல் 153 மில்லிமீட்டருக்குள், எடை 1400 கிராமுக்குள், மொத்த பிஸ்டலும் 300-க்கு 150-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அந்த வரிசைகளில் எல்லா மாடலும் இதில் தேறாது. சிவப்புப் புள்ளி காட்டும் எலெக்ட்ரானிக் குறிகளுக்கும் இந்தப் போட்டிகளில் அனுமதி இல்லை.

பிஸ்டலுக்குப் பிடித்த தோட்டா எது?

பாயிண்ட் 22 தோட்டாக்களில் சாதாரண வேகம், அதிவேகம் என்று ரகங்கள் உண்டு. அதிவேகம் என்றால் நல்லது என்று தோன்றும். இலக்குச் சுடுதலில் அப்படி இல்லை. ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பறக்கும் சாதாரண வேகத் தோட்டாதான் பொதுவாக ஒரே இடத்தில் குண்டுகளைச் சேர்க்கும். போட்டி பிஸ்டல்களின் ஸ்பிரிங்கும் அதற்கேற்பத்தான் அமைக்கப்பட்டிருக்கும். அதிவேகத் தோட்டா போட்டால் பாகங்கள் சீக்கிரம் தேயும். வலுக்குறைந்த தோட்டா போட்டால் காலிக் கூடு முழுவதும் வெளியேறாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

விளிம்பில் ரசாயனம் சரியாகப் பரவாத தோட்டா சில நேரம் வெடிக்காமலும் போகும். அப்போது எட்டிப் பார்க்கக் கூடாது. குழலை இலக்கு நோக்கியே வைத்துக்கொண்டு காத்திருந்து, ரேஞ்ச் அலுவலரைக் கூப்பிட வேண்டும். போட்டியில் இது நடப்பது நிமிடக் கணக்கில் அல்ல, நொடிக் கணக்கில். 25 மீட்டர் மகளிர் போட்டியின் வேகச் சுற்றில் இலக்கு 3 நொடி தெரியும், 7 நொடி மறையும். அந்த 3 நொடிக்குள் கையை உயர்த்தி ஒரு குண்டு. ஆடவர் ரேபிட் ஃபயரில் கடைசிச் சுற்றில் 4 நொடியில் ஐந்து இலக்குகள். 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். அங்கே சிக்காத பிஸ்டல்தான் நல்ல பிஸ்டல். ஒரே பிராண்டில் நாலைந்து வகைத் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்து, எதில் சிக்கல் வரவில்லையோ அதையே தொடர்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ரிப்பேர் யார் பார்ப்பார்கள்?

டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் பழுதானது. விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்று வாய்ப்பும் போனது. உலகத் தரமான கருவி, கூடவே பயிற்சியாளர்கள், இருந்தும் அப்படி. நம் ஊரில் ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்தால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எனவே கிளப்பில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாடலையே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். உதிரிபாகமும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார். அபூர்வமான மாடல் அலமாரிக்கு அழகு, ரேஞ்சுக்கு அல்ல.

வாங்கும் முன் உங்களையே கேட்க வேண்டியவை

- ஏர் பிஸ்டலில் குறைந்தது ஒரு வருடமாவது விடாமல் பழகியிருக்கிறேனா?
- கிளப் பிஸ்டலில் பாயிண்ட் 22 சுட்டுப் பார்த்திருக்கிறேனா? ஒன்றுக்கு மேற்பட்ட மாடல்களைக் கையில் பிடித்துப் பார்த்தேனா?
- பொழுதுபோக்கா, போட்டியா? போட்டி என்றால் எந்தப் பிரிவு?
- வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி இருக்கிறதா? தோட்டாவைத் தனியாகப் பூட்ட இடம் இருக்கிறதா? சாவி யாரிடம்?
- தோட்டா, ரேஞ்ச் கட்டணம், பயணம், எல்லாவற்றையும் மாதா மாதம் தாங்க முடியுமா?
- தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் என்ன செய்ய வேண்டும், விலக்குக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியுமா?

இதில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் இன்னும் வாங்கும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

பாதுகாப்பு: 'சின்னத் துப்பாக்கிதானே' என்ற நினைப்பு

பாயிண்ட் 22 பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை "சின்னது". அந்தச் சின்னக் குண்டு தடையில்லாமல் பறந்தால் ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். வழியில் ஆள் நின்றால் கொல்லும். தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ பழகிப் பார்க்கும் பேச்சே கூடாது. அனுமதி பெற்ற ரேஞ்ச் ஒன்றுதான் இடம்.

அங்கும் நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே நினைக்க வேண்டும். குழல் எப்போதும் இலக்கு நோக்கியே இருக்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் ட்ரிகரைத் தொடக் கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம். பாயிண்ட் 22 சத்தம் குறைவுதான், ஆனால் காதைக் கெடுக்க அது போதும். குண்டு ஈயம் என்பதால், பயிற்சி முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பஜ்ஜியைத் தொடக் கூடாது. சாதாரணமாகத் தோன்றும், ஆனால் குழந்தைகள் பழகும் இடத்தில் இது பெரிய விஷயம்.

நாம் சொல்ல வருவது

முதல் பிஸ்டல் எது என்ற கேள்விக்கு நேரடிப் பதில்: கிளப்பின் பிஸ்டல். அதற்குப் பிறகு சொந்தமாக வேண்டுமென்றால் ஒரு நல்ல ஏர் பிஸ்டல். வீட்டுக்குள் 10 மீட்டர் இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குண்டே இல்லாமல் வெற்றுச் சுவரைப் பார்த்து ட்ரிகர் பழகுவதை ஒலிம்பிக் வீரர்களும் தினமும் செய்கிறார்கள். அந்தப் பயிற்சியில்தான் மேலே பார்த்த ஒரு மில்லிமீட்டர் சரியாகிறது. பாயிண்ட் 22 அதற்கும் அடுத்த படி.

இந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளப்புக்குப் போங்கள் என்று சொல்வது சென்னை, கோவை, திருச்சியில் இருப்பவருக்குச் சரி. பரமக்குடியில் இருக்கும் பெண் எங்கே போவாள்? 25 மீட்டர் ரேஞ்ச் கட்ட மண் சுவர், பாதுகாப்பு அனுமதி, மேற்பார்வையாளர் எல்லாம் வேண்டும். தனியாரால் ஊருக்கு ஊர் செய்ய முடியாது. ஆனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ரேஞ்சுக்கு ஒரு நீளமான அறை போதும். மாவட்ட விளையாட்டரங்குகள் ஒவ்வொன்றிலும் நாலு ஏர் பிஸ்டலும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால், லட்சத்துக்கு மேல் செலவழித்துக் கருவி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் தன்னைச் சோதித்துப் பார்க்க முடியும். அதில் தேறுபவர்களுக்கு மண்டலத்துக்கு ஒரு பாயிண்ட் 22 ரேஞ்சும், அரசின் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட்ட பொதுத் துப்பாக்கிகளும் இருந்தால் போதும்.

இதில் இரண்டு லாபம். பணம் இருப்பவர் மட்டுமே ஆடும் விளையாட்டு என்ற பெயர் போகும். வீடுகளுக்குள் வரும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் குறையும். லைசென்ஸ் விதிகள் கடுமையாக இருப்பதைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு எதுவும் இல்லை. கடுமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சொந்தமாக வாங்கக் கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்தும் அரசு, பொதுவாகப் பழக ஓர் இடத்தைத் திறந்து வைக்க வேண்டாமா?